‘வைட்டமின் டி கம்மி... அதான் டல்லா இருக்கேன்!’ - மனச்சோர்வுக்கு சாஷே போதுமா?

போன வருஷம் ஜூன் மாதம். பெருங்குடியில் என்னோடு ஒரே ரூமில் தங்கியிருந்த தோழிக்கு, ஆபீஸில் எடுத்த ஃபுல் பாடி செக்-அப் ரிப்போர்ட் மொபைலுக்கு வந்தது. நாலைந்து பக்கம். எல்லாமே நார்மல். ஒரு வரி மட்டும் சிவப்பு எழுத்தில். வைட்டமின் டி: 11.6.

“பார்த்தியாடி, இதான் விஷயம். நான்கூட என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்” என்று சொல்லிச் சிரித்தாள். அதற்கு முன்பு இரண்டு மாதமாக அவள் சிரித்தே நான் பார்க்கவில்லை. காலையில் எழவே முடியாது. சனி, ஞாயிறு முழுக்கப் படுக்கைதான். அம்மா போன் செய்தால் கட் பண்ணிவிட்டு, ‘மீட்டிங்ல இருக்கேன்’ என்று மெசேஜ் தட்டுவாள். ஆசையாக பிரியாணி ஆர்டர் செய்வாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூடி வைத்துவிடுவாள்.

மெடிக்கல் ஷாப்பில் சீட்டு கேட்காமலே 60,000 ஐ.யு. சாஷே கொடுத்தார்கள். வாரம் ஒன்று, பாலில் கலந்து. எட்டு வாரம் முடிந்து மறுபடி டெஸ்ட் எடுத்ததில் 34. ரிப்போர்ட்டில் சிவப்பு போய்விட்டது. ஆனால், அவள் அப்படியேதான் இருந்தாள். ‘இன்னும் உடம்புல ஏறலை போல’ என்று அவளாகவே முடிவு செய்து இன்னொரு எட்டு வாரம் தொடர்ந்தாள். அக்டோபர் கடைசியில் திருநெல்வேலியில் இருந்து அவளுடைய அக்கா வந்து, பேச்சே இல்லாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார். மனச்சோர்வு, அதுவும் லேசான நிலையைத் தாண்டிவிட்டது என்றார் மருத்துவர். நான்கு மாதம் வீணாகப் போயிருந்தது.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “எழுதுடி, பேரு மட்டும் போடாத” என்றாள்.

அவள் நம்பியது முழுக்கத் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. வைட்டமின் டி-க்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு இருக்கிறது. முறையான சிகிச்சையோடு சேர்த்து எடுத்தால் சிலருக்குக் கொஞ்சம் உதவலாம் என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. அதில் ஒன்று நம்ம பக்கத்திலேயே, புதுச்சேரி ஜிப்மரில் நடந்தது. சிக்கல் ‘சேர்த்து’ என்ற வார்த்தையில் இருக்கிறது. நாம் படிக்கும்போது அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம்.

எலும்பு விட்டமினுக்கு மூளையில் என்ன வேலை?

வைட்டமின் டி என்றாலே எலும்பு, கால்சியம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பேருக்குத்தான் அது வைட்டமின். உடம்புக்குள் அது நடந்துகொள்வது ஹார்மோன் மாதிரி. வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிர் தோலில் படும்போது, அங்கே இருக்கும் ஒருவகைக் கொழுப்புப் பொருள் வைட்டமின் டி-யாக மாறுகிறது. அது கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றம், சிறுநீரகத்துக்குப் போய் இன்னொரு மாற்றம். அதற்குப் பிறகுதான் வேலை செய்யத் தயாராகிறது. ரிப்போர்ட்டில் ‘25 ஹைட்ராக்ஸி’ என்று போட்டிருப்பார்களே, அது கல்லீரலில் மாறிய பிறகு ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் வடிவம்.

இந்த வைட்டமினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் மூளையிலும் இருப்பது 20 வருஷத்துக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டது. செரட்டோனின் தயாரிப்பில் இதற்குப் பங்கு இருக்கலாம், உடலில் ஏற்படும் அழற்சியைக் கட்டுப்படுத்தலாம் என்றெல்லாம் விளக்கங்கள் உண்டு. இவற்றில் நிறைய விஷயங்கள் ஆய்வகத்திலும் எலிகளிடத்திலும் பார்த்தவை. மனிதர்களுக்கு மாத்திரை கொடுத்தால் மனநிலை மாறுமா என்பதற்கு இவை பதில் ஆகாது. ஏற்பி இருக்கிறது என்பதாலேயே அதிகம் ஊற்றினால் அதிகம் சந்தோஷம் என்று கணக்குப் போடக் கூடாது. சமூக வலைதள ரீல்ஸ் பலவும் இந்த இடத்தில்தான் தாவிக் குதிக்கின்றன.

முட்டையா, கோழியா?

2013-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. 31,424 பேரின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்ததில், வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருப்பது தெரிந்தது. ‘வைட்டமின் டி குறைந்தால் டிப்ரஷன் வரும்’ என்ற பேச்சுக்கு இந்த மாதிரி ஆய்வுகள்தான் அடிப்படை.

சரி, மனச்சோர்வில் இருக்கும் ஒருவரின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். வெளியே போவதில்லை. வாக்கிங் நின்றுபோகிறது. சாப்பாடு சரியில்லை. ஜன்னல் திரையைக்கூட விலக்கத் தோன்றாது. ஆறு மாதம் இப்படி இருந்தால் வைட்டமின் டி குறையாமல் என்ன செய்யும்? அதாவது, குறைபாட்டால் மனச்சோர்வு வந்திருக்கலாம், மனச்சோர்வால் குறைபாடு வந்திருக்கலாம். உடல் பருமன், நாள்பட்ட நோய் மாதிரி மூன்றாவது ஒரு காரணம் இரண்டையுமே கொண்டுவந்திருக்கவும் கூடும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையைப் பார்த்து இதில் எது முதலில் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

என் தோழியின் 11.6-ம் அப்படித்தான். அந்த எண் பொய் இல்லை. ஆனால், அதுதான் காரணம் என்று அந்த ரிப்போர்ட்டில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அதை எழுதியது நாங்கள் இரண்டு பேரும்.

18,353 பேர், 5 வருஷம்

காரணமா, விளைவா என்ற சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி உண்டு. ஆட்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நிஜ மாத்திரை, இன்னொரு பாதிக்கு அதே மாதிரி தெரியும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது.

அமெரிக்காவில் இது பெரிய அளவில் நடந்தது. 50 வயதைத் தாண்டிய 18,353 பேர். ஆரம்பத்தில் யாருக்கும் மனச்சோர்வு அறிகுறி இல்லை. பாதிப் பேருக்கு தினமும் 2,000 ஐ.யு. வைட்டமின் டி. சராசரியாக ஐந்து வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். 2020 ஆகஸ்ட்டில் ‘ஜாமா’ இதழில் முடிவு வந்தது. நிஜ மாத்திரை எடுத்தவர்களில் 609 பேருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 625 பேருக்கும் மனச்சோர்வு வந்திருந்தது. கிட்டத்தட்ட சமம். மனச்சோர்வு வராமல் தடுக்கிறேன் என்று சும்மா வைட்டமின் டி எடுப்பதில் பலன் தெரியவில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

‘அவங்களுக்குக் குறைபாடே இல்லையே, அப்புறம் எப்படி வித்தியாசம் தெரியும்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஆய்வில் இருந்த பெரும்பாலானோருக்கு ஆரம்ப அளவே நன்றாகத்தான் இருந்தது. நெதர்லாந்தில் இன்னொரு குழு, அளவு குறைவாகவும் மனச்சோர்வு அறிகுறிகளோடும் இருந்த 60 முதல் 80 வயது வரையிலான 155 பேரைத் தேர்ந்தெடுத்தது. தினமும் 1,200 ஐ.யு., ஒரு வருஷம். ரத்தத்தில் அளவு ஏறியது. மனச்சோர்வு அறிகுறிகளில் வெற்று மாத்திரைக் குழுவோடு ஒப்பிட வித்தியாசம் இல்லை. இது 2019-ல் வந்தது. ஆனால், அவர்களும் முழுமையான மனச்சோர்வு நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்கள் இல்லை.

அப்படியென்றால், நோய் உறுதியாகி, சிகிச்சையிலும் இருப்பவர்களுக்கு? கதை கொஞ்சம் மாறுவது இங்கேதான்.

ஜிப்மரில் என்ன பார்த்தார்கள்?

2013-ல் ஈரானில் ஒரு சின்ன ஆய்வு. மனச்சோர்வு உறுதியான 42 பேர். எல்லோருக்கும் ஃப்ளூவாக்ஸெடின் என்ற வழக்கமான மனச்சோர்வு மாத்திரை 20 மில்லிகிராம். அவர்களில் பாதிப் பேருக்குக் கூடவே தினமும் 1,500 ஐ.யு. வைட்டமின் டி. எட்டு வாரத்தில், இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களிடம் முன்னேற்றம் கூடுதல். நான்காவது வாரத்தில் இருந்தே வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது.

புதுச்சேரி ஜிப்மர் குழு, 2020-ல் வெளியான ஆய்வில், இன்னும் துல்லியமாக ஆட்களைத் தேர்ந்தெடுத்தது. மனச்சோர்வும் இருக்க வேண்டும், வைட்டமின் டி குறைபாடும் இருக்க வேண்டும். அப்படி 46 பேர். அனைவருக்கும் வழக்கமான மனநல சிகிச்சை தொடர்ந்தது. ஒரு பிரிவினருக்கு மட்டும் அதற்கு மேல் 3,00,000 ஐ.யு. வைட்டமின் டி, ஒரே ஊசியாக. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, ஊசி போட்டவர்களிடம் மனச்சோர்வின் தீவிரமும் குறைந்திருந்தது, வாழ்க்கைத் தரமும் மேம்பட்டிருந்தது. அதற்கு முந்தைய வருஷம் இதே ஜிப்மரைச் சேர்ந்தவர்கள் 4 ஆய்வுகளை, மொத்தம் 948 பேரின் தகவல்களைச் சேர்த்து அலசியபோதும், மனச்சோர்வு நோயாளிகளுக்கு வைட்டமின் டி-யால் மிதமான பலன் இருப்பதாகவே தெரிந்தது.

படிக்கும்போது நம்பிக்கையாக இருக்கிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் எண்ணிக்கையைக் கவனியுங்கள். 42 பேர், 46 பேர். ஒரு எம்.டி.சி பஸ்ஸில் உட்கார்ந்தும் நின்றும் போகும் கூட்டத்தைவிடக் குறைவு. இவ்வளவு சின்ன ஆய்வுகளில் தற்செயலாகவே நல்ல முடிவு வந்துவிட வாய்ப்பு உண்டு. அதிலும் மனச்சோர்வு ஆய்வுகளில் ஒரு பிரத்யேகச் சிக்கல்: வெற்று மாத்திரை எடுத்தவர்களிலேயே கணிசமானோருக்கு உடம்பு தேறிவிடும். யாரோ அக்கறையாகப் பேசுகிறார்கள், வாராவாரம் விசாரிக்கிறார்கள் என்பதே மருந்து மாதிரி வேலை செய்யும். சின்னக் கூட்டத்தில் இதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

2022-ல் ஃபின்லாந்து ஆய்வாளர் தலைமையிலான ஒரு பன்னாட்டுக் குழு 41 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்தது. மொத்தம் 53,235 பேர். வைட்டமின் டி எடுத்தவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் கொஞ்சம் குறைந்தன என்பது அதன் முடிவு. செய்தித் தலைப்புகள் அத்தோடு நின்றுவிட்டன. ஆனால், ஆய்வுகள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்டதால் இந்த ஆதாரத்தின் உறுதி ‘மிகவும் குறைவு’ என்று அந்தக் குழுவே அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருந்தது. அதே வருஷம் உயிரியல் மனநல மருத்துவச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பும், கனடாவின் கான்மாட் குழுவும் சேர்ந்து ஊட்டச்சத்து மருந்துகளுக்கான வழிகாட்டியை வெளியிட்டன. மனச்சோர்வுக்குத் துணை சிகிச்சையாக ஒமேகா-3-க்கு அதில் கிடைத்தது வலுவான பரிந்துரை. வைட்டமின் டி-க்குக் கிடைத்தது பலவீனமான பரிந்துரை.

என் கணிப்பைக் கேட்டால், கதவு மூடவில்லை, லேசாகத் திறந்திருக்கிறது. மனச்சோர்வும் நிஜமான குறைபாடும் ஒன்றாக இருப்பவருக்கு, சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது டாக்டர் வைட்டமின் டி சேர்த்தால் அதில் அர்த்தம் இருக்கிறது. எப்படியும் எலும்புக்கு அது தேவை. மனசுக்கும் கொஞ்சம் கைகொடுத்தால் லாபம். ஆனால், மேலே சொன்ன ஈரான், ஜிப்மர் ஆய்வுகளை மறுபடி ஒருமுறை பாருங்கள். வைட்டமின் டி மட்டும் கொடுத்து, மனநல சிகிச்சையை நிறுத்தி வைத்த நோயாளி அதில் ஒருவர்கூட இல்லை.

வாரம் 60,000... கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?

வாரத்துக்கு ஒரு சாஷே என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 8,570 ஐ.யு. ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் மருத்துவ மேற்பார்வை இல்லாமல் தினமும் எடுக்கலாம் என்று அமெரிக்க மருத்துவக் கழகம் 2010-ல் வகுத்த உச்ச வரம்பு 4,000 ஐ.யு. நம் அன்றாடத் தேவையோ வெறும் 600. குறைபாட்டைச் சரிசெய்ய டாக்டர் எட்டு வாரத்துக்கு எழுதிக்கொடுப்பது வேறு. எட்டு வாரம் முடிந்தும் ‘இன்னும் டல்லாதான் இருக்கு’ என்று நாமே நீட்டிப்பது வேறு.

வைட்டமின் சி மாதிரி இது சிறுநீரில் போய்விடாது. கொழுப்பில் கரையும், உடம்பில் தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். குமட்டல், மலச்சிக்கல், தாகம், அடிக்கடி சிறுநீர், சோர்வு, குழப்பம் என்று ஆரம்பித்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம். அந்தப் பட்டியலில் சோர்வும் குழப்பமும் இருப்பதைக் கவனித்தீர்களா? எதைச் சரிசெய்ய எடுக்கிறோமோ, அதையே அது கொண்டுவந்து நிறுத்தும். வாரம் ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று தப்பாகப் புரிந்துகொண்டு எடுத்தால் கேட்கவே வேண்டாம், உச்ச வரம்பைப்போல 15 மடங்கு.

மொத்தமாகப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணத்துக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய 2,256 பெண்களைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வருஷத்துக்கு ஒரே டோஸாக 5,00,000 ஐ.யு. கொடுத்தார்கள். எலும்பு வலுவாகும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது தலைகீழ். வைட்டமின் எடுத்தவர்கள் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் வெற்று மாத்திரைக் குழுவைவிட அதிகமாக இருந்தது. இதே ஆய்வில் மனநலத்தையும் தனியாக அளந்தார்கள். அதிலும் முன்னேற்றம் இல்லை. ஜிப்மரில் போட்ட 3 லட்சம் ஐ.யு. ஊசியைப் பற்றிப் படித்துவிட்டு, பக்கத்துக் கிளினிக்கில் போய்ப் போட்டுக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம், ஏற்கெனவே மனநல மருந்து எடுப்பவர்களுக்கு. லித்தியம் எடுக்கிறீர்கள் என்றால் அதுவே சிலருக்குக் கால்சியத்தை ஏற்றும். பி.பி-க்குத் தரப்படும் சில சிறுநீர் மாத்திரைகளும் அப்படித்தான். சாஷேவை ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு வெயில் அடிக்குது... நமக்கு எப்படிக் குறையுது?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. பதில் நம் தினசரியிலேயே இருக்கிறது. காலை ஏழு மணிக்கு ஆபீஸ் கேப். இல்லையென்றால் முழுக்கை, துப்பட்டா முகமூடி, கிளவுஸ் எல்லாம் போட்டுக்கொண்டு ஸ்கூட்டி. பிறகு கண்ணாடிக் கட்டடத்துக்குள் பத்து மணி நேரம். கண்ணாடி வழியாக வெளிச்சமும் சூடும் வரும், வைட்டமின் டி-க்குத் தேவையான புற ஊதா பி வராது. ஜன்னலோர சீட் கிடைத்தும் பிரயோஜனம் இல்லை. போதாக்குறைக்கு, நம் தோலின் கறுப்பு நிறமியும் அந்தக் கதிரைக் கொஞ்சம் வடிகட்டும். நமக்குக் கூடுதல் நேரம் வேண்டும்.

‘காலை இளம் வெயில்ல நில்லு, வைட்டமின் டி கிடைக்கும்’ என்று பாட்டி சொல்லியிருப்பார். அதில் ஒரு சிக்கல். சென்னையின் அட்சரேகையிலேயே இருக்கும் திருப்பதியில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில், தோலில் வைட்டமின் டி நன்றாக உருவாவது காலை 11 முதல் மதியம் 2 மணிக்குள் என்று தெரிந்தது. அதற்காக மே மாத மொட்டை மாடியில் போய் நிற்க வேண்டாம், மயக்கம்தான் மிஞ்சும். மதியச் சாப்பாட்டுக்கு முன் கை, முகம் படும்படி கொஞ்ச நேரம் ஒரு நடை போதும். பாட்டி சொன்ன காலை நடையையும் விட்டுவிடாதீர்கள். வைட்டமின் டி வராவிட்டாலும், உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கும் என்பதற்கு இந்தச் சாஷேவைவிட உறுதியான ஆதாரம் இருக்கிறது. கடையில் பால் வாங்கும்போது பாக்கெட்டில் ‘ப்ளஸ் எஃப்’ முத்திரை இருந்தால் அதில் வைட்டமின் ஏ-யும் டி-யும் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எது குறைபாடு என்பதிலேயே மருத்துவ உலகில் சண்டை தீரவில்லை. பல லேப் ரிப்போர்ட்டுகள் 30-க்குக் கீழே எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடுகின்றன. 20 இருந்தாலே பெரும்பாலானோருக்குப் போதும் என்றது அமெரிக்க மருத்துவக் கழகம். 2024 ஜூனில் எண்டோக்ரைன் சொசைட்டி வெளியிட்ட புதிய வழிகாட்டி, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இந்த டெஸ்ட்டையே வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 30 என்ற எல்லையை முன்பு பிரபலப்படுத்தியதே இந்த அமைப்புதான், இப்போது அதையும் கைவிட்டுவிட்டது. ஆக, உங்கள் ரிப்போர்ட்டில் 24 என்று சிவப்பாக இருந்தால் பதற வேண்டியதில்லை. 11.6 என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். அதுவும் மெடிக்கல் ஷாப் அண்ணனைக் கேட்டு அல்ல.

ஏன் வைட்டமின் பெயர் சொன்னால் நிம்மதியாக இருக்கிறது?

இதை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் படிக்கவில்லை. என் ரூமில் பார்த்தது.

‘வைட்டமின் டி கம்மி’ என்று வீட்டில் சொல்லலாம். அம்மா முட்டையும் மீனும் செய்து அனுப்புவார். மேனேஜரிடமும் சொல்லலாம், ‘எனக்கும் கம்மிதான் பா’ என்பார். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் நாலு பேர் பிராண்ட் பெயர் சொல்வார்கள். ‘டிப்ரஷன்’ என்று சொன்னால்? வரன் பார்க்கும் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ, அப்ரைசலில் அடி விழுமோ, ‘உனக்கு என்ன குறை, நல்ல சம்பளம்தானே’ என்று அப்பா கேட்பாரோ. அவள் பயந்தது இதற்கெல்லாம்தான். அந்தச் சிவப்பு எண் அவளுக்கு ஒரு கௌரவமான பெயரைக் கொடுத்தது. நானும் சேர்ந்து நம்பினேன். மீடியா படித்திருக்கிறேன், தினமும் ஆரோக்கியச் செய்திகள் எழுதுகிறேன், அந்த நாலு மாதமும் பக்கத்துக் கட்டிலில்தான் தூங்கினேன். ‘டாக்டரைப் பாரேன்’ என்று சொல்லாமல், ‘இந்த வாரம் சாஷே போட்டியா?’ என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெங்களூரு நிமான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 20 பெரியவர்களில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வை அனுபவித்திருக்கிறார். அவர்களில் பெரும்பான்மையோர் சிகிச்சைக்கே போவதில்லை என்றும் அந்தக் கணக்கெடுப்பு சொன்னது.

எப்போது டாக்டர்?

வைட்டமின் டி ரொம்பக் குறைந்தாலும் உடம்பு வலி, தசைகளில் பலவீனம், அசதி வரும். படியேறவே சிரமமாக இருக்கும். அதனால் குழம்புவது இயல்பு. ஆனால், பிடித்த எதிலும் ஆர்வம் இல்லாமல் போவது, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம், காரணமில்லாத குற்ற உணர்ச்சி, தூக்கமும் பசியும் தலைகீழாவது, வேலையில் கவனம் நிற்காதது, இவை எலும்பு வலி மாதிரி இல்லை. மனசு கனமாக இருப்பதோ ஆர்வம் போனதோ, இதில் ஒன்று இரண்டு வாரம் கிட்டத்தட்ட தினமும் இருந்து, கூடவே மற்றவையும் இருந்தால், மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் அது. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே.

முதல் விசிட்டிலேயே மாத்திரை தந்துவிடுவார்கள் என்ற பயம் பலருக்கும் இருக்கிறது. லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 எல்லாம் பார்க்கச் சொல்வார்கள். வைட்டமின் டி-யும் பார்ப்பார்கள், குறைந்திருந்தால் அதையும் எழுதித் தருவார்கள். அப்படி எழுதித் தரும்போதுதான் அது ‘துணை சிகிச்சை’. மாத்திரை ஆரம்பித்தால் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நடுவில் யாரோ ரீல்ஸில் சொன்னார்கள் என்று அதை நிறுத்திவிட்டு சாஷேவுக்கு மாறாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை என்று உடம்பு படுத்தும்.

தோழி இப்போது எஸ்சிடலோபிராம் எடுக்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கவுன்சலிங். ஐந்தாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே எழுந்து, தலைக்குக் குளித்துவிட்டு, “மெஸ் வேண்டாம், சரவணா ஸ்டைல்ல நாமே பொங்கல் பண்ணலாமா” என்று கேட்டாள். பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. மிச்சமிருந்த சாஷேக்களை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். “அளவு சரியா இருக்கும்மா, இப்போதைக்கு வேண்டாம். மூணு மாசம் கழிச்சுப் பார்த்துக்கலாம்” என்றாராம். அலமாரியில் அம்மா அனுப்பிய நெல்லிக்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் நாலு பாக்கெட் அப்படியே இருக்கிறது.

*மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச எண் 14416-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணையும் தொடர்புகொள்ளலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் புறநோயாளிகள் பிரிவிலும், சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் சிகிச்சை பெறலாம்.*